தத்துவத்தில் ஆய்வுடன் கூடிய ஹானர்ஸ் பட்டம்: நான்காம் ஆண்டைத் தேர்வு செய்யும் முன் அறிய வேண்டியவை

புதுதில்லி: தில்லிப் பல்கலைக்கழகத்தில் 2022-ஆம் ஆண்டு இளநிலைப் படிப்பில் சேர்ந்த மாணவர்கள், தேசிய கல்விக் கொள்கை 2020-இன்படி அமைந்த நான்காண்டுப் பட்டப்படிப்பின் முதல் அணியினர் ஆவர். 2025-இல் அவர்கள் மூன்றாம் ஆண்டை நிறைவு செய்தபோது, பட்டம் பெற்று வெளியேறுவதா, நான்காம் ஆண்டில் தொடர்வதா என்ற கேள்வி எழுந்தது. அடுத்தடுத்து வரும் ஒவ்வோர் அணியும் ஆறாம் பருவம் முடியும் வேளையில் இதே முடிவை எடுத்தாக வேண்டியுள்ளது. வேதியியல் மாணவர் ஒருவர் நான்காம் ஆண்டில் ஆய்வகத்தில் பணிபுரியப் போவதாகச் சொன்னால் குடும்பத்தினருக்கு எளிதில் விளங்கிவிடும். தத்துவ மாணவர் ஓராண்டுக் காலம் ஆய்வு செய்யப் போவதாகச் சொன்னால், எதை, எப்படி என்ற கேள்விகளுக்கு முதலில் வீட்டிலேயே விடை சொல்ல வேண்டியிருக்கும்.

இத்திட்டத்தின் அடிப்படை, பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் படிப்புகளுக்கான பாடத்திட்ட மற்றும் கிரெடிட் கட்டமைப்பு ஆகும். அதன்படி மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட்டும் நான்காண்டு ஹானர்ஸ் பட்டத்துக்குக் குறைந்தது 160 கிரெடிட்டும் தேவை. முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதமும் அதற்கு மேலும் மதிப்பெண் பெற்றவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வுப் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம். 12 கிரெடிட் மதிப்புள்ள ஆய்வேட்டைத் தம் முதன்மைப் பாடத்தில் எழுதி முடிப்பவருக்கு 'ஆய்வுடன் கூடிய ஹானர்ஸ்' பட்டம் வழங்கப்படும். ஆய்வேடு எழுதாமல் அந்த 12 கிரெடிட்டுக்கு ஈடாக மூன்று பாடங்களைப் படிப்பவருக்கு ஹானர்ஸ் பட்டம் மட்டும் கிடைக்கும்.

ஆய்வு ஆண்டு என்று அழைக்கப்பட்டாலும், நான்காம் ஆண்டுக்குரிய 40 கிரெடிட்டில் ஆய்வேட்டின் பங்கு 12 மட்டுமே. எஞ்சிய 28 கிரெடிட்டும் வகுப்பறைப் பாடங்கள். தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு பருவத்துக்கும் 22 கிரெடிட் என்பதால் நான்காண்டுக்கான மொத்தம் 176 ஆகிறது; அங்கும் ஏழாம், எட்டாம் பருவங்களில் ஆய்வேட்டுக்குத் தலா 6 கிரெடிட் வீதம் 12-தான். ஆய்வேட்டுக்கென முழு ஆண்டும் ஒதுக்கப்பட்டிருப்பதாக எண்ணிச் சேர்பவர்கள், வழக்கமான தேர்வுகளுக்கும் ஒப்படைப்புகளுக்கும் இடையேதான் அதை எழுத வேண்டியிருக்கும் என்பதை முன்னரே கணக்கில் கொள்வது நல்லது.

தில்லிப் பல்கலைக்கழகத்துக்கு நான்காண்டுப் படிப்பு முற்றிலும் புதியதன்று. 2013-இல் வேறொரு வடிவில் தொடங்கப்பட்ட நான்காண்டுத் திட்டம், மாணவர், ஆசிரியர் எதிர்ப்புக்கிடையே 2014-இல் கைவிடப்பட்டது. மூன்றாம் ஆண்டிலேயே பட்டத்துடன் வெளியேறும் வாய்ப்பும், நான்காம் ஆண்டை முதுநிலைப் படிப்புடன் இணைக்கும் ஏற்பாடும் இப்போதைய திட்டத்தில் உள்ளன.

திறக்கும் கதவுகளும் மூடியிருக்கும் கதவும்

நான்காண்டுப் பட்டம் பெற்றவர் முதுநிலைப் பட்டத்தை ஓராண்டில் முடிக்கலாம். மூன்றாண்டுப் பட்டம் பெற்றவருக்கு அது வழக்கம்போல் இரண்டாண்டுப் படிப்பு. ஆக, மூன்றும் இரண்டும் ஐந்து. நான்கும் ஒன்றும் ஐந்து. எம்.ஏ. பட்டம் வரை செல்பவருக்கு நான்காம் ஆண்டால் காலம் மிச்சமாவதும் இல்லை, வீணாவதும் இல்லை.

வேறுபாடு, அந்த ஐந்து ஆண்டுகள் எங்கே கழிகின்றன என்பதில் இருக்கிறது. தத்துவத் துறை வலுவாக இல்லாத கல்லூரியில் பயிலும் ஒருவர் மூன்றாம் ஆண்டில் வெளியேறி, ஹைதராபாத் பல்கலைக்கழகம், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் போன்ற ஓரிடத்தில் எம்.ஏ. சேர்ந்தால், அந்தத் துறையில் இரண்டு முழு ஆண்டுகள் பயிலலாம். நான்காம் ஆண்டையும் பழைய இடத்திலேயே கழிப்பவர் புதிய துறையில் ஓராண்டுதான் இருப்பார். ஆசிரியர்கள் அவரை அறிந்துகொள்வதற்குள் படிப்பு முடிந்துவிடும். நல்ல துறையில் ஏற்கெனவே இருப்பவருக்கு நான்காம் ஆண்டு ஆதாயம். அப்படி அல்லாதவருக்கு இரண்டாண்டு எம்.ஏ. பெரும்பாலும் மேலான வழி.

நேரடியாக முனைவர் பட்ட ஆய்வுக்குச் செல்ல விரும்புபவருக்குக் கணக்கு மாறுகிறது. 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட யுஜிசி-யின் பிஎச்.டி. விதிமுறைகளின்படி, நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 சதவீத மதிப்பெண் பெற்றவர் எம்.ஏ. இல்லாமலே முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், கிரீமி லேயரில் வராத இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிவுற்ற பிரிவினர் ஆகியோருக்கு இதில் 5 சதவீதத் தளர்வு உண்டு. 2024 முதல் நான்காண்டுப் பட்டதாரிகளும் அப்பட்டத்தின் இறுதிப் பருவத்தில் பயில்பவர்களும் நெட் தேர்வு எழுத அனுமதிக்கப்படுகின்றனர். இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வானால் 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள விகிதப்படி மாதம் ரூ.37,000 கிடைக்கும்.

75 சதவீதம் எட்டாத மாணவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. எம்.ஏ. முடித்தவருக்கு பிஎச்.டி. சேர்க்கைக்கு 55 சதவீதமே போதும். இளநிலையில் 74 சதவீதம் பெற்ற ஒருவர் ஆய்வுப் பிரிவை இழந்தாலும், எம்.ஏ. வழியாக அதே வாயிலுக்குத்தான் வந்து சேருகிறார்.

கல்லூரி ஆசிரியர் பணி ஒன்றுதான் நான்காண்டுப் பட்டத்தால் மட்டும் திறக்காத கதவு. உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுநிலைப் பட்டத்தை யுஜிசி-யின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் வலியுறுத்துகின்றன. ஆசிரியப் பணியை மனத்தில் கொண்டவர் எம்.ஏ.வைத் தவிர்த்து நேரடியாக முனைவர் பட்டத்துக்குச் செல்வது பின்னாளில் சிக்கலாகக்கூடும்.

இவற்றையெல்லாம் விட முக்கியமான ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. முனைவர் பட்டத்துக்கு முன்னோட்டமாக நீண்ட காலம் இருந்துவந்த எம்.ஃபில். படிப்பை மேற்சொன்ன 2022 விதிமுறைகள் முடிவுக்குக் கொண்டுவந்தன. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு நூறு பக்கம் வாதிட முடியுமா, அதில் தமக்கு விருப்பம் நிலைக்குமா என்பதை மாணவர் தமக்குத் தாமே சோதித்தறியும் இடமாக எம்.ஃபில். இருந்தது. அந்தச் சோதனை இப்போது இளநிலையின் நான்காம் ஆண்டுக்கு இடம் பெயர்ந்திருக்கிறது. மாணவரின் வயது அப்போது ஏறத்தாழ 21.

ஆய்வகமும் இல்லை, களப்பணியும் இல்லை

தத்துவத்தில் ஆய்வு என்பது தரவு திரட்டுவதன்று. ஒரு தத்துவஞானியின் கருத்துகளைச் சுருக்கி எழுதுவதும் அன்று. இந்த இரண்டாவது தவறுதான் இளநிலை ஆய்வேடுகளில் மிகுதியாக நிகழக்கூடியது. 'காந்தியின் அகிம்சை', 'சங்கரரின் அத்வைதம்', 'கர்மக் கோட்பாடு' போன்ற தலைப்புகள் கேள்விகள் அல்ல. அவற்றின் கீழ் எவ்வளவு எழுதினாலும் அது பாடநூலின் மறுபதிப்பாகவே முடியும். ஒருவர் மறுத்துச் சொல்ல இடமுள்ள ஒன்றைச் சொல்லி, அதற்குக் காரணம் காட்டி, எதிர்வாதத்துக்கு விடையளிப்பதே ஆய்வேடு.

ஓர் எடுத்துக்காட்டு இதை விளக்கும். பிறர் சொல்லக் கேட்பதால் ஒன்றை நாம் அறிகிறோமா, அல்லது நம்ப மட்டுமே செய்கிறோமா? நியாய தரிசனம் அறிவு பிறக்கும் வாயில்கள் நான்கு என்கிறது: காண்டல், கருதல், உவமை, உரை. வைசேஷிகரும் பௌத்த அளவையியலாளரான திக்நாகரும் உரையைத் தனி வாயிலாக ஏற்பதில்லை. அதைக் கருதலின் ஒரு வகையாகவே கொள்கின்றனர். சார்வாகர் காண்டலோடு நின்றுவிடுகின்றனர். நியாய சூத்திரம் உரை என்பதை நம்பத்தக்கவரின் கூற்று என வரையறுக்கிறது. அதற்கு உரை வகுத்த வாத்ஸ்யாயனர், இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொதுவானது என்கிறார். பிறப்பையோ மொழியையோ பாராமல், பொருளை நேரில் அறிந்து, அதை அவ்வாறே சொல்ல விழைபவர் எவரும் நம்பத்தக்கவராகலாம் என்பது இதன் கருத்து.

இதுவரை சொன்னது பாடநூலில் உள்ளது. ஆய்வு இதன் பிறகே தொடங்குகிறது. சொல்பவர் நம்பத்தக்கவர் என்பதை முதலில் அறிந்தால்தான் அவர் சொல்லிலிருந்து அறிவு பிறக்கும் என்று கொள்வோம். அந்த முன்னறிவு எங்கிருந்து வந்தது? அவர் முன்பு சொன்னவை மெய்யாயின, ஆகவே இதுவும் மெய்யாகும் என்ற கருதலிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அப்படியானால் உரை தனி வாயில் என்ற நியாயரின் நிலைப்பாடு அவர்களுடைய வரையறையாலேயே ஆட்டம் காண்கிறதா? அல்லது சொல்பவர் நம்பத்தக்கவராக இருந்தால் மட்டும் போதும், கேட்பவர் அதை முன்கூட்டி அறிந்திருக்க வேண்டியதில்லை என்று நியாயர் பக்கம் நின்று விடை சொல்ல முடியுமா? அப்படி விடை சொன்னால், ஏமாளிக்கும் அறிவுடையவருக்கும் உள்ள வேறுபாடு என்னவாகும்?

12 கிரெடிட்டுக்குள் அடங்கக்கூடிய கேள்வி இது. இதே வழக்கு 18-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்திலும் நடந்தது. பிறர் கூற்றை ஏற்பதற்கு நம் பட்டறிவே அடிப்படை என்றார் டேவிட் ஹியூம். பிறரை நம்பும் இயல்பு மனிதருக்குப் பிறவியிலேயே அமைந்தது என்றார் தாமஸ் ரீட். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் சி.ஏ.ஜே. கோடி 1992-இல் எழுதிய நூலும், பிமல் கிருஷ்ண மதிலாலும் அரிந்தம் சக்ரவர்த்தியும் தொகுத்து 1994-இல் வெளியான கட்டுரைத் தொகுப்பும் இந்தப் பொருளை மீண்டும் விவாதத்துக்குக் கொண்டுவந்தன. பிந்தைய தொகுப்பில் இந்திய, மேலைத் தத்துவ வாதங்கள் ஒரே மேசைக்கு வருகின்றன. கைப்பேசியில் வந்து சேரும் செய்தி ஒன்றை மற்றவருக்கு அனுப்பலாமா என்று ஒருவர் தயங்கும் கணத்திலும் இதே கேள்விதான் இருக்கிறது. ஆய்வேட்டின் முன்னுரையில் அதைச் சொல்வதில் பிழையேதும் இல்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும் அளவுக்கு வலுவாக எடுத்துரைத்த பிறகே மறுக்க வேண்டும் என்பது இத்துறையின் எழுதப்படாத விதி. இந்திய மரபில் இதற்குப் பூர்வபட்சம் என்று பெயர். தமிழ் வாசகர்களுக்கும் இது பழகிய முறையே. அருணந்தி சிவாசாரியரின் சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் எனப் பிரிந்து, முதற்பகுதியில் 14 பிற மதங்களின் கொள்கைகளை எடுத்துக்கூறி மறுத்த பின்பே தன் கொள்கையை நிறுவுகிறது. மணிமேகலையின் 27-ஆம் காதையில் பல சமயக் கணக்கர்கள் தத்தம் கோட்பாட்டை உரைக்கின்றனர். 29-ஆம் காதை பௌத்த அளவையியலை விளக்குகிறது. தமிழ் அறிந்த மாணவருக்கு, மொழிபெயர்ப்பின் துணையின்றி மூலத்தை நேரடியாகப் படித்து ஆய்வு செய்ய இவை நல்ல வாய்ப்பைத் தருகின்றன. தில்லியில் தமிழ் படிக்கத் தெரிந்த தத்துவ மாணவர் அந்த ஆற்றலைப் பயன்படுத்தாமல் விடுவது இழப்புதான்.

மூலமொழி தெரியாதவர்களும் இளநிலை ஆய்வேடு எழுதலாம். ஆனால் ஒரே மொழிபெயர்ப்பை நம்பக் கூடாது. நியாய சூத்திரத்துக்கு கங்காநாத் ஜாவின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பும், மேத்யூ தாஸ்தி, ஸ்டீபன் பிலிப்ஸ் ஆகியோர் தேர்ந்தெடுத்த பகுதிகளை மொழிபெயர்த்து 2017-இல் வெளியிட்ட நூலும் உள்ளன. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது, ஒரே சொல்லுக்கு இரு மொழிபெயர்ப்பாளர்கள் இருவேறு பொருள் கொள்ளும் இடங்கள் தென்படும். ஆய்வேட்டுக்கான கேள்வி பல வேளைகளில் அத்தகைய இடத்திலிருந்தே கிடைக்கும்.

நெறியாளர் யார்?

ஆய்வுடன் கூடிய ஹானர்ஸ் பட்டம் வழங்கும் துறையில் நூலகம், ஆய்விதழ்களைப் பெறும் வசதி ஆகியவற்றுடன், பிஎச்.டி. நெறியாளராக அங்கீகரிக்கப்பட்ட நிரந்தர ஆசிரியர்கள் குறைந்தது இருவர் இருக்க வேண்டும் என்று யுஜிசி கட்டமைப்பு கூறுகிறது. தில்லியில் செயின்ட் ஸ்டீபன்ஸ், ஹிந்து, மிராண்டா ஹவுஸ், லேடி ஸ்ரீராம் உள்ளிட்ட கல்லூரிகளில் தத்துவ ஹானர்ஸ் உள்ளது. பொதுவாக, கல்லூரிகளில் தத்துவத் துறை சிறியது. சில ஆசிரியர்களுள் ஒருவர் விடுப்பில் சென்றாலே நெறியாளர் ஒதுக்கீடு மாறிவிடும். மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆசிரியர் இல்லாத இடத்தில், அறிவியல் கோட்பாட்டில் ஆர்வமுள்ளவர் பௌத்த அறவியல் அறிந்தவரிடம் ஆய்வு செய்ய நேரும்.

எனவே நான்காம் ஆண்டில் சேரும் முன் கல்லூரி அலுவலகத்தைவிடத் துறை ஆசிரியர்களிடம் பேசுவதே பயன் தரும். தாம் எழுத விரும்பும் பொருளில் வழிகாட்டக்கூடியவர் யார், அவரிடம் எத்தனை மாணவர்கள் உள்ளனர், எத்தனை வாரத்துக்கு ஒருமுறை சந்திப்பார், எழுதிக் கொடுத்ததைப் படித்துத் திருத்தித் தருவாரா என்ற கேள்விகளுக்குத் தெளிவான விடை கிடைக்காவிட்டால், ஆய்வேடு இல்லாத ஹானர்ஸ் பிரிவையோ இரண்டாண்டு எம்.ஏ.வையோ எண்ணிப் பார்க்கலாம். தத்துவ எழுத்து திருத்தப்படும்போதுதான் வளர்கிறது. எட்டாம் பருவத்தின் இறுதியில் ஒரே தடவையாகப் படித்து மதிப்பெண் இடப்படும் ஆய்வேடு, மாணவருக்கு எதையும் கற்றுத் தருவதில்லை.

நூல்களைப் பொறுத்தவரை நிலைமை சற்றே மேம்பட்டுள்ளது. மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்றாண்டுகளுக்கு ரூ.6,000 கோடி ஒதுக்கப்பட்ட இத்திட்டத்தில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களில் பயில்பவர்கள் படிக்கலாம். ஆயினும் இத்திட்டம் ஆய்விதழ்களுக்கானது. தத்துவத்தில் நூல்களின் இடம் பெரிது. விலை உயர்ந்த வெளிநாட்டு நூல்களுக்கு இன்னும் நூலகத்தையே நம்ப வேண்டும். 1995 முதல் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியம், எந்தப் பொருளுக்கும் தொடக்கப் புள்ளியாகப் பயன்படும். அதன் ஒவ்வொரு கட்டுரையின் இறுதியிலும் உள்ள நூற்பட்டியலே மாணவருக்கு ஒரு மாத வேலையைத் தந்துவிடும்.

ஏழாம் பருவத்தின் பெரும்பகுதி கேள்வியைச் சுருக்குவதிலேயே கழியும். அது வீண்போன காலமன்று. கேள்வி உறுதியான பின் எழுதுவதற்கு எட்டாம் பருவம் போதும். கேள்வி உறுதியாகாமல் எழுதத் தொடங்கினால் எத்தனை பருவங்களும் போதா. முதல் வரைவை எட்டாம் பருவத்தின் நடுவிலாவது நெறியாளர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

கருத்துத் திருட்டு தொடர்பான யுஜிசி-யின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் மாணவர் ஆய்வேடுகளுக்கும் பொருந்தும். 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 சதவீதம் வரை இருந்தால் திருத்தி மீண்டும் அளிக்க வேண்டும். 60 சதவீதத்தைக் கடந்தால் பதிவே ரத்தாகும். முறையாக மேற்கோள் காட்டப்பட்ட பகுதிகள் இக்கணக்கில் சேராது. மூலநூல் வரிகளை அடிக்கடி எடுத்தாள வேண்டிய தத்துவ மாணவர், எது மூலம், எது தம் விளக்கம் என்பதைக் குறிப்பெடுக்கும் முதல் நாளிலேயே பிரித்து எழுதிக்கொள்வது பின்னர் வரும் தொல்லையைத் தவிர்க்கும்.

வெளிநாடு செல்வோரும் தமிழக மாணவரும்

ஆஸ்திரேலியாவில் மூன்றாண்டுப் பட்டத்துக்குப் பின் தனியே ஓராண்டு ஹானர்ஸ் படிப்பு நெடுங்காலமாக உள்ளது. அங்கு முதல் வகுப்பு ஹானர்ஸ் பெற்றவர் நேரடியாக முனைவர் பட்டத்துக்குச் செல்லலாம். இந்தியாவின் புதிய நான்காம் ஆண்டு ஏறத்தாழ அதே பணியைச் செய்ய முற்படுகிறது. அமெரிக்காவில் தத்துவ முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிப்பவர் தம் எழுத்தின் மாதிரி ஒன்றை இணைக்க வேண்டும். நன்றாகத் திருத்தி எழுதப்பட்ட ஆய்வேட்டின் ஓர் இயல் அதற்கு நேரடியாகப் பயன்படும். மூன்றாண்டுப் பட்டதாரியிடம் அப்படியொரு எழுத்து பெரும்பாலும் இருப்பதில்லை.

தேசிய கல்விக் கொள்கையை ஏற்காத தமிழகத்தில் மூன்றாண்டு இளநிலைப் படிப்பே தொடர்கிறது. அங்கு தத்துவம் பயில விரும்புபவர் மூன்றாண்டுப் பட்டத்துக்குப் பின் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எஸ்.ராதாகிருஷ்ணன் தத்துவ உயராய்வு நிறுவனம் போன்ற இடங்களில் எம்.ஏ. படிக்கும் வழியே உள்ளது. ஐந்தாண்டுக் கணக்கில் அவர் பின்தங்குவதில்லை. ஆனால் எம்.ஏ. பாடத்திட்டத்தில் ஆய்வேடு கட்டாயமா, விருப்பத்துக்குரியதா என்பதை அவர் சேரும் முன்பே கேட்டறிய வேண்டும்.

நான்காம் ஆண்டின் செலவை எவரும் ஒதுக்கிவிட முடியாது. கட்டணம், விடுதி, உணவு ஆகியவற்றுடன், மூன்றாண்டில் வேலைக்குச் சென்றிருந்தால் கிடைத்திருக்கும் வருமானமும் இதில் சேரும். குடிமைப் பணித் தேர்வை நோக்கிச் செல்பவருக்குத் தத்துவம் விருப்பப் பாடமாக உண்டு. அத்தேர்வு எழுத மூன்றாண்டுப் பட்டமே போதும். ஆய்வில் நாட்டமில்லாமல், நண்பர்கள் தொடர்கிறார்கள் என்பதற்காகத் தொடர்பவருக்கே இந்த ஆண்டு அதிகச் செலவு வைக்கும்.

தொடர்வதென முடிவு செய்தவர்கள் நெட் தேர்வு ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை நடைபெறுவதை நினைவில் கொள்ள வேண்டும். எட்டாம் பருவத்தில் பயிலும்போதே விண்ணப்பிக்கலாம் என்பதால், ஜூன் சுற்றுக்கான விண்ணப்பக் காலம் ஆய்வேட்டை நிறைவு செய்யும் வாரங்களுடன் மோதக்கூடும். நான்காண்டுப் பட்டதாரிகள் தாம் முனைவர் பட்டம் பெற விரும்பும் பாடத்தில், இளநிலையில் படித்தது எதுவாயினும், நெட் எழுதலாம் என்று யுஜிசி அறிவித்துள்ளதால், வேறு துறையில் ஹானர்ஸ் முடித்துத் தத்துவத்துக்கு மாற எண்ணுபவர்களும் இதே தேர்வு வழியாக விண்ணப்பிக்க முடியும்.